மூன்றாந்தரம் தட்டாத கதவு

பெப்ரவரி வெயிலில், பங்குக் கோயில் மண்டபத்துக் குசினியில் நின்று உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். புனித பிரிஜித் திருநாள். அயர்லாந்தில் அன்றைக்குத்தான் குளிர் முடிந்து வசந்தம் பிறக்குமாம். சிட்னியிலோ தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. கிழங்குக்குள் நறுக்கிய கோவா இலை, பால், கட்டி கட்டியாகப் பட்டர். மிளகாய்த்தூள் மருந்துக்கும் இல்லை.

திருநாளை நடத்தியவர் அயர்லாந்தில் பிறந்த ஓர் அன்ரி. நல்ல மனுசி, சும்மா சொல்லக்கூடாது. மன்னாரில் குருத்தோலைச் சிலுவை பின்னிய கை என்று தெரிந்ததும், கோரைப்புல்லில் பிரிஜித் சிலுவை பின்ன என்னைப் பிடித்துக்கொண்டார். முக்கியமான வேடத்தை என் மகளுக்குக் கொடுத்தார். அவள் கோரைக்கட்டோடு வெளியே நின்று, "பிரிஜித் வந்திருக்கிறேன், திறவுங்கள்" என்று மூன்று தரம் தட்டிக் கேட்க வேண்டும். முதல் இரண்டு தரமும் உள்ளே இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. மூன்றாந்தரம் "வெல்கம்" என்று கத்தித் திறப்பார்கள். பிறகுதான் சாப்பாடு.

மகள் என் மடியில் வாந்தி எடுத்தபடி படகில் வந்தவள். இப்போது நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விசா இல்லாமல் படிக்க விடமாட்டார்களாம். இரண்டு தரம் விண்ணப்பித்தோம். இரண்டு தரமும் இல்லை என்றுவிட்டார்கள். இன்னொரு தரம் கேட்போம் என்று நானும், மாட்டேன் என்று அவளும் வீட்டில் ஒரே சண்டை. ஆனாலும் அன்ரி கேட்டதற்காக இந்த வேடத்துக்கு ஓம் என்றிருந்தாள்.

முதல் தட்டு கேட்டது. அவள் குரலும் கேட்டது. உள்ளே மூச்சுச் சத்தமும் இல்லை. இரண்டாந்தரம் கேட்டபோது அவள் குரல் உடைந்தது. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். கடவுளே! இதையா என் பிள்ளையிடம் விளையாடச் சொன்னீர்கள்?

மூன்றாந்தரம் தட்டவில்லை. எல்லோரும் காத்து நின்றார்கள். நானே போய்க் கதவைத் திறந்தேன். கோரைக்கட்டு வாசல்படியில் கிடந்தது. அவள் எங்கள் காருக்குள் பெல்ற் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பிள்ளை இது? இன்னும் ஒருக்காத் தட்டினால் முடிஞ்சுது. சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

"நோ அம்மா. விளையாட்டுக்கும் என்னால கேக்க ஏலாது."

ஏசத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சுற்றிப் போய் மற்றப் பக்கத்தால் காரில் ஏறினேன்.

பின்னால், பசி பொறுக்காத யாரோ தொடங்கிவைக்க, மண்டபமே வெறும் வாசலைப் பார்த்து "வெல்கம், வெல்கம்" என்று கத்தியது. பிறகு கரண்டிச் சத்தம் கேட்டது. பட்டர் பிசுக்குக் கையோடு நான் காரை எடுத்தேன்.