கார் ஷெட்டில் நின்ற பவுனு

அன்று டேப் போதவில்லை.

தையல்காரர்கள் வைத்திருக்கும் சாதாரண டேப். நீளம் நூற்று ஐம்பது சென்டிமீட்டர். குதிரையின் முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்பைச் சுற்றி அப்பா அதைக் கொண்டுவந்தார். மறுபக்கம் நின்று நான் ஒரு நுனியைப் பிடித்திருந்தேன். இரண்டு நுனிகளும் சேரவில்லை. நடுவில் செம்பழுப்பு மயிர் தெரிந்தது.

"நன்னா இழுத்துப் பிடி."

"இழுத்துதான் பிடிச்சிருக்கேன்."

"அது மூச்சு விடட்டும். இப்போ?"

"இப்பவும் பத்தலைப்பா."

சட்டைப்பையிலிருந்து ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இடைவெளியை அளந்தார். இரண்டு சென்டிமீட்டர். "நூத்தி அம்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். குதிரை காதை மடக்கியது. அவர் நிறுத்தவில்லை.

தோளிலிருந்து பின்புறம் வரை நீளம் நூற்று நாற்பது. மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, பதினோராயிரத்து எண்ணூற்று எண்பதால் வகுத்தால் குதிரையின் எடை ஏறத்தாழ வரும். கைப்பேசியில் போட்டுச் சொன்னேன். இருநூற்று எழுபத்திரண்டு கிலோ. நவம்பர் முதல் வாரத்தில் அது இருநூற்றுப் பதினைந்து.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை. புதன்கிழமை அவர் இறந்தார்.

அப்பாவின் பெயர் ஸ்ரீரங்கன். வேதியியல் பட்டதாரி. பல்லாவரம் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையில் முப்பத்தொரு வருஷம் தரம் பிரிக்கும் பகுதியில் இருந்தார். மேஜையில் விரித்த தோலை விரலால் தடவிப் பார்த்து, அந்த மாட்டை உண்ணி கடித்ததா, முள்வேலி கிழித்ததா, அம்மை போட்டதா என்று சொல்வார். ஒன்றாம் ரகம் முதல் ஆறாம் ரகம் வரை முத்திரை உண்டு. குத்திய முத்திரையை மாற்ற மாட்டார். சொந்தக்காரர்கள் கல்யாணங்களில் "கெமிஸ்டா இருக்கார்" என்று அவரை அறிமுகப்படுத்திவிட்டு அவசரமாக வேறு பேச்சுக்குப் போவார்கள். அப்பா விட மாட்டார். "மாட்டுத் தோல்ல கெமிஸ்ட்" என்று முடித்து வைப்பார். அம்மா இருந்தவரை இதற்காக அவரை முறைப்பாள்.

ஓய்வு பெற்று ஊரப்பாக்கம் வீட்டில் என்னோடு இருந்தார். நான் கருவியியல் படித்தவள். வேலை நாவலூரில்.

போன நவம்பரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் ஒரு குதிரை கட்டிக் கிடந்தது. நான்கு நாளாக மழை. பால் வாங்கப் போன அப்பா திரும்பி வரும்போது அதன் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஸ்டேஷன் ரோட்டில் மீன் விற்கும் அங்காளம்மா. கோவளத்திலிருந்து தினமும் வருகிறவள். பார்த்த பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை என்பதால் பேசிய பழக்கம் இல்லை.

"யாரோடது இது?"

"எங்க வூட்டுக்காரருது சாமி. துலுக்காணம்னு பேரு. கடலாண்ட சவாரி வுடுவாரு. ஆடி மாசம் ஒரு பக்கம் கைகாலு இஸ்துகினு படுத்துட்டாரு. நான் பாத்துக்கறேன்னு சொந்தக்கார பையன் ஒருத்தன் இங்க இட்டாந்தான். கட்டிப் போட்டுட்டு எங்கயோ பூட்டான். இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"பவுனு எப்டி கீதுன்னு தெனம் கேக்கறாரு. கொழுகொழுன்னு கீதுன்னு சொல்லிகினே வந்தேன். அத்தக் கேட்டா கோணின வாயால சிரிக்கறாரு. அந்த ஒரு சிரிப்புக்கோசரம் வாயில வந்தத சொல்லிட்டேன். இப்ப இத்த எப்டி சாமி அவரு கண்ணுல காட்டறது?"

விலா எலும்புகளை எண்ணலாம். முதுகு முழுக்கப் பொருக்கு. பொருக்குக்குள் மயிர் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா விரலால் தடவினார்.

"ஆறாம் ரகம்" என்றார். பிறகு, "நீ அவர்கிட்ட சொன்னது பொய்யாப் போகாம நான் பார்த்துக்கறேன்" என்றார்.

எனக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. "உன் காரை இனிமே வெளியில நிறுத்திக்கோ."

அப்படித்தான் பவுனு எங்கள் கார் ஷெட்டுக்கு வந்தது.

முதல் பத்து நாள் அப்பாவே வைத்தியம் பார்த்தார். விறைத்த தோலுக்கு எண்ணெய் ஏற்ற வேண்டும் என்பது அவர் தொழிலில் பாலபாடம். வேப்பெண்ணெயும் நல்லெண்ணெயும் மஞ்சளும் கலந்து, காலை மாலை முதுகில் ஊறத் தேய்த்தார். குதிரை பளபளவென்று மின்னியது. தெருவில் எல்லோரும் பாராட்டினார்கள். நான் படம் எடுத்தேன். பதினோராம் நாள் ஷெட்டில் நாற்றம் அடித்தது. பொருக்கு ஒன்று தானாகத் தூக்கிக்கொண்டது. அடியில் சீழ்.

அரசு கால்நடை மருத்துவர் நிஷா வந்தார். சின்ன வயசு. கையுறை மாட்டிக்கொண்டு முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"எண்ணெய் யார் தடவினது?"

"நான்தான்" என்றார் அப்பா.

"சார் என்ன வேலை பார்த்தீங்க?"

சொன்னார்.

"அதான். சார், உங்க ஆலைக்கு வந்த தோலுக்குள்ள ஆள் கிடையாது. இதுக்குள்ள ஆள் இருக்கு."

மழை ஈரத்தில் பிடிக்கிற கிருமி இது என்று விளக்கினார். காற்றுப் படாத இடத்தில் பெருகும். எண்ணெய் அதற்கு மூடி போட்டுக் கொடுத்துவிட்டது. ஊசி போட்டார். கழுவ மருந்துக் கரைசல் எழுதிக் கொடுத்தார். பொருக்கை உரிக்கக் கூடாது, ஊறவைத்து, தானாக வருவதை மட்டும் எடுக்க வேண்டும். கையுறை கட்டாயம், மனிதருக்கும் ஒட்டும். எல்லாவற்றுக்கும் மேல், தோல் காய்ந்தே இருக்க வேண்டும்.

அவர் போனதும் அப்பா செருப்பை மாட்டினார். எங்கே என்று கேட்டேன். "மீன் கடைக்கு."

கூடவே போனேன். அறுபத்தேழு வயதில் முதல் தடவையாக அங்காளம்மாவின் கூடைக்கு முன்னால் போய் நின்றார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம். வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்காளம்மா, நான் தப்பான வைத்தியம் பண்ணிட்டேன். பத்து நாள் வீணாயிடுத்து. இப்போ டாக்டர் பார்த்திருக்கா. என்கிட்ட வேண்டாம், வேற இடத்துல விடறேன்னு தோணினா, தாராளமா அழைச்சுண்டு போ."

அவள் மீனை வெட்டிக்கொண்டே கேட்டாள். "எந்தப் படுபாவி சாமி, தப்பு பண்ணிட்டு கடையைத் தேடி வந்து சொல்லுவான்? இட்டாந்து போட்டவன் சொன்னானா? நீயே வெச்சுக்கோ. இப்ப தள்ளி நில்லு, ஐஸ் தண்ணி வேட்டியில தெறிக்குது."

வீட்டுக்கு நடந்து வரும்போது, "நான் நாலாம் ரகம்தான்" என்றார். குத்திய முத்திரையை மாற்றாத மனிதர் தனக்குத்தானே குத்திக்கொண்டது அது ஒன்றுதான். எனக்கு ஒப்புதல் இல்லை. நான் வேறு முத்திரை குத்தியிருப்பேன்.

அதன்பின் அப்பா டாக்டர் சொன்னதைக் கடுகளவும் மீறவில்லை. கரைசலைத் தடவிவிட்டு, பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கழுவுவார். பழைய வேட்டிகளால் ஒற்றி எடுப்பார். பிறகு மின்விசிறி. சாப்பாட்டு அறையில் இருந்த நின்று சுழலும் மின்விசிறி பவுனுக்குப் போனது. நான் ஷெட்டில் ஈரப்பதம் காட்டும் சென்சார் ஒன்றை மாட்டினேன். எழுபதைத் தாண்டினால் என் கைப்பேசி கத்தும். நாவலூரில் மீட்டிங்கில் இருந்துகொண்டு, "அப்பா, எழுபத்தாறு" என்று செய்தி அனுப்புவேன். "மின்விசிறி ஓடறது. உன் வேலையைப் பார்" என்று பதில் வரும்.

தீவனம் இன்னும் கடினமாக இருந்தது. எலும்பும் தோலுமாக இருக்கும் குதிரைக்கு ஒரேயடியாகப் போட்டால் அதுவே உயிரை வாங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உலர்ந்த புல்லும் குதிரைமசால் என்னும் தீவனத் தழையும் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறு வேளை. தானியம் கூடாது. ஆனால் எங்கள் தெரு பக்தி மிகுந்த தெரு. அமாவாசைச் சாதம் வந்தது. வெண்பொங்கல் வந்தது. ஒரு வீட்டிலிருந்து வடைமாலையே வந்தது. அப்பா வாசலில் அட்டை எழுதி மாட்டினார்: "பொங்கல், இட்லி, வாழைப்பழம் தர வேண்டாம். இது விருந்துக்கு வரவில்லை, வைத்தியத்துக்கு வந்திருக்கிறது."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் யக்ஞநாராயணன் வந்தார். குதிரையை அப்புறப்படுத்தச் சொல்லத்தான் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் வந்த விஷயத்தை மறந்துவிட்டார்.

"என்ன ஓய், வெறும் புல்லைப் போடறீர்? இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு கேட்டதில்லையா?"

"அது மனுஷாளுக்கு. இதுக்கு இப்போ எள்ளும் கிடையாது, கொள்ளும் கிடையாது."

"தோல் வியாதி குழந்தைகளுக்கு ஒட்டும்னு புகார் வந்திருக்கு."

"ஒட்டும். அதனாலதான் கயிறு கட்டியிருக்கேன். நீர் கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கறீர்."

அவர் ஒரே எட்டில் வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு தினமும் மாலையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, எடை எவ்வளவு என்று விசாரித்துவிட்டுப் போவார். புகார் என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை.

துலுக்காணத்துக்குப் படம் வேண்டும் என்று அங்காளம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "முகத்தை மட்டும் எடு" என்றார் அப்பா. நவம்பர், டிசம்பர் முழுக்க துலுக்காணம் பவுனின் முகத்தை மட்டும் பார்த்தார். முழு உடம்பை எடுக்க அப்பா அனுமதித்தது பொங்கலுக்கு அடுத்த வாரம். பொருக்கு விழுந்த இடமெல்லாம் வெல்வெட் மாதிரி புது மயிர் வந்திருந்தது. விலா எலும்புகள் மறைந்திருந்தன. தானியமும் அப்போது தொடங்கியாகிவிட்டது. வீடியோவில் பவுனு திரும்பி, வாலை வீசி, சென்சாரைக் கடிக்கப் போனது.

மறுநாள் காலை அங்காளம்மா வீட்டுக்கே வந்தாள். கூடையை வெளியே வைத்துவிட்டு, ஷெட்டுக்கு முன்னால் நின்று சொன்னாள்.

"நாலு வாட்டி போட்டுப் பாத்தாரு சாமி. அப்பால என்னை ஒரு பார்வை பாத்தாரு. மொதல்ல மூஞ்ச மட்டும் ஏன் காட்னேன்னு கேட்டாரு. மாட்டிகினேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"திட்டினாரா?"

"அழுதாரு. அப்பால நல்லா இருக்கற கைய இப்டித் தூக்கி, உன்னை இட்டார சொன்னாரு. எப்ப இத்த ஏத்திகினு வரன்னு கேட்டாரு."

அப்பா ஷெட்டின் தரையைப் பார்த்தார். "அங்க எங்க கட்டுவேள்?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றுக் கொட்டகை. தரை மணல். மழை பெய்தால் பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் உள்ளே வரும். அங்காளம்மா ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்போ அடுத்த ஐப்பசியில மறுபடி ஆறாம் ரகம்" என்றார் அப்பா. அவளுக்கு ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தார். தரையை ஒரு அடி உயர்த்த வேண்டும். மேலே செங்கல் பாவ வேண்டும். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு, ஓடை இல்லாத பக்கமாக. "வேலையை முடிச்சுட்டுச் சொல்லு. என் கண்ணால பார்த்துட்டு அனுப்பறேன்."

"நான் பொய் சொல்லுவேன்னு நெனைக்கறியா?"

"நீ சொல்ல மாட்டேன்னு யார் சொன்னா? மூணு மாசம் சொன்னவதானே?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரியான ஆளு சாமி நீ" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

டேப் போதாத அந்த ஞாயிறு மாலை அவள் போன் செய்தாள். செங்கல் பாவியாகிவிட்டது. வியாழக்கிழமை வருகிறேன் என்று அப்பா சொன்னார். தரையின் சரிவு பார்க்க ரசமட்டம் எங்கே என்று என்னிடம் கேட்டார். தேடி எடுத்துக் கொடுத்தேன். கேளம்பாக்கம் போய் பஸ் மாற வேண்டும் என்று சொன்னேன். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொன்னேன். "உனக்கு ஆபீஸ் இருக்கு" என்றார்.

புதன்கிழமை காலை ஷெட்டைப் பெருக்கிவிட்டு வந்து காப்பி கேட்டார். டம்ளரோடு நான் வந்தபோது நாற்காலியில் இருந்தார். மூச்சு இல்லை. இதயம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

காரியங்கள் முடியும்வரை நான்கு வீட்டுக்காரர்கள் முறைபோட்டுக்கொண்டு பவுனுக்குப் புல் போட்டார்கள். அளவு மாறவில்லை. யக்ஞநாராயணன் கையுறை போட்டுக்கொண்டு கயிற்றுக்கு உள்ளே வந்தார். நேற்று டாக்டர் நிஷா பார்த்துவிட்டு, தோல் சுத்தமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றார். வண்டிக்காரரும் தயார். அங்காளம்மா ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. துலுக்காணம் இப்போது வாசல் பக்கம் திரும்பிப் படுக்கிறாராம்.

சரிவு சரியாக இருக்கிறதா என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை. நாளை நான் விடுப்பு போட்டிருக்கிறேன். கோவளத்துக்குப் போய், கொட்டகைத் தரையில் ஒரு குடம் தண்ணீர் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.