ஸ்டீபன் சொல்லாத பெயர்

சமையலறையில் மிக்சி அலறிக்கொண்டிருந்தது. ஜாரில் எதுவும் இல்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. வெளியறையில் அண்ணன் பாக்கியநாதனுக்கு எதிரே நின்றிருந்த விக்டோரியா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்.

"மிக்சிய நிறுத்து அண்ணி! காத்தை அரைச்சி சட்னியா வைக்கப் போற?"

சத்தம் நின்றது. அண்ணி மெர்சி வெளியே வரவில்லை.

"சொல்லுண்ணா. திங்கக்கிழம கேஸு வருது. கோர்ட்டுக்கு வரியா, மாட்டியா?"

பாக்கியநாதன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் அவர் எலக்ட்ரீஷியன். அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வளர்த்த பெற்றோருக்கு, மாதச் சம்பளம் என்றால் என்னவென்று காட்டிய முதல் பிள்ளை. இருபத்திரண்டு வருட வேலையில் அவர் பெயர் வாங்கியது ஒரே ஒரு வித்தையால்தான். பாதுகாப்பு ஸ்விட்ச் தானாக விழுந்து, ஓடுகிற மில் ட்ரிப் ஆகி நின்றால், பழுக்கக் காய்ந்த இரும்பு பாதி வழியில் உறைந்துவிடும். அதனால் அந்த ஸ்விட்சைத் தாண்டி நேராக ஒரு ஒயரைப் போட்டு ஓட விடுவார். ஏன் ட்ரிப் ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

"பாக்கியம் கை வெச்சா லைன் நிக்காதுய்யா" என்பார் சூப்பர்வைசர் துளசிராமன். பாவம், அந்தப் புகழ்ச்சியை பாக்கியநாதன் ஆலைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்!

விக்டோரியாவின் கணவன் ஸ்டீபனுக்குக் குடியாத்தம் தாண்டி, ஆந்திரக் காட்டை ஒட்டிய மலையடிவாரத்தில் வாழைத் தோட்டம். இரண்டு வருடம் யானைகள் மிதித்து நாசமாக்கிய பிறகு, வனத்துறையினர் பேட்டரி வேலி போட்டுக் கொடுத்தார்கள். தொட்டால் சுளீரென்று அடிக்கும். யானை வலியில் திரும்பிப் போகும், சாகாது. கம்பியில் புல் உரசினால் மட்டும் அந்த அடியின் வேகம் குறைந்துவிடும். வாரம் ஒருமுறை புல்லை வெட்டச் சொல்லிவிட்டுப் போனார் வனக்காவலர்.

கிறிஸ்துமஸுக்கு அங்கே போன பாக்கியநாதன் பார்த்தபோது, மழைக்கு வளர்ந்த புல் கம்பியை மூடிக்கிடந்தது. அவர் புல்லைப் பார்க்கவில்லை, வேலியின் பேட்டரிப் பெட்டியைத்தான் பார்த்தார்.

"இந்த பொம்ம மிஷினா யானைய நிறுத்தப் போவுது? தள்ளு மச்சான்."

மோட்டார் கொட்டகையின் மெயின் கரண்டிலிருந்து நேராகக் கம்பிக்கு லைன் போட்டார். வேலை கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்டீபன் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு தாய் யானை கம்பியோடு விழுந்து கிடந்தது. அதன் குட்டி, அம்மாவை எழுப்ப நெற்றியால் முட்டி முட்டி ஓய்ந்து நின்றது. லைன் போட்டது யார் என்று அதிகாரிகள் கேட்டார்கள். ஸ்டீபன் "நான்தான்" என்றான். இரண்டு மாதமாக வேலூர் ஜெயிலில் இருக்கிறான்.

"அவரு வாயத் தொறந்து உன் பேர சொல்லலண்ணா. வக்கீலு தலப்பாடா அடிச்சிக்கினாரு. அவரு இன்னான்னா, மச்சான் ஊட்ல பொண்ணு கல்யாணம் இருக்குதுன்றாரு."

மெர்சி பாய்ந்து வந்தாள்.

"அவருக்கே தெரியுதில்ல? அடுத்த மாசம் கல்யாணத்த வெச்சிக்கினு இவரு ஜெயிலுக்குப் போனா, மாப்ள ஊட்ல இன்னா சொல்லுவாங்க? ஒனக்கு மனசே இல்லியா?"

"என் பசங்க நைனா எங்கன்னு கேக்குதுங்களே அண்ணி, அதுக்கு இன்னா சொல்றது?"

பாக்கியநாதன் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"அந்தக் குட்டி இன்னா ஆச்சி?"

"கூட்டத்தோட சேத்துப் பாத்தாங்க, சேரல. பாலும் குடிக்கல. ஒம்போதாம் நாளு செத்துப்போச்சி. அவருகிட்ட இன்னும் சொல்லலண்ணா."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெற்ற தாய் செத்தபோதுகூட அப்படி அழாத மனிதர். சட்டென்று எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். மெர்சி அவர் மணிக்கட்டைப் பற்றினாள். உதறியிருந்தால் அவள் பிடி விலகியிருக்கும்.

அவர் உதறவில்லை.

விக்டோரியா காத்திருந்தாள். தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பிறகு அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"கல்யாணத்துக்கு என்னைக் கூப்புடாதண்ணா" என்றாள் திரும்பாமலே.

மெர்சி பிடியை விட்டாள். பாக்கியநாதன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வாசல்வரை நடந்தார். தங்கை தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, தன் கையாலேயே கதவைச் சாத்தினார்.