அலமாரிக் கதவில் ஒரு விமானம்

வீட்டில் அவனைப் பெரியவன் என்பார்கள், தங்கையைப் பாப்பா. அவள் பிறந்த நாளிலிருந்தே பெரியவனுக்கு வயிறு புகைந்துகொண்டுதான் இருந்தது. அவன் முட்டி மோதித் தேறும் பரீட்சையில் அவள் சிரித்துக்கொண்டே முதலாவதாக வருவாள். விமானியாக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவன் அவன். அதற்காகவே விமான நிலையத்துக்கு வேன் ஓட்டிப் பாடுபட்டுப் பயிற்சியில் சேர்ந்தான். பாப்பா பள்ளி முடித்த கையோடு, உதவித்தொகையில், பின்னாலேயே வந்து உட்கார்ந்தாள். போகட்டும் என்று விடுகிற மனசு அவனுக்கு வாய்க்கவில்லை.

சிறிய விமானத்தில் அவள் ஒரே தடவையில் உரிமம் வாங்கினாள். அவன் இரண்டாம் தடவை. பயணிகள் விமானத்துக்கான கடைசிப் பயிற்சியில் எல்லோரையும் ஜோடி சேர்த்தபோது, ஒரே வீடு, சேர்ந்து படிக்க வசதி என்று பயிற்சியாளர் இருவரையும் ஒரு ஜோடியாக்கினார். நல்ல மனுஷன், வேறென்ன சொல்ல.

விமானி அறையின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினார்கள். எதிரே இரண்டு நாற்காலி. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வேகத்தைக் கவனிப்பார். குறைந்தால் அந்த நிமிஷமே "ஸ்பீட்" என்று குரல் கொடுக்க வேண்டும். காகிதத்தில் முள் நகருமா? அதனால் அம்மா குழம்பைக் கிளறியபடி வாய்க்கு வந்த எண்களைச் சொல்வாள். எண் இறங்கினால் ஒரு குரல் எழும். தரையிறங்கும் நேரமாகப் பார்த்து அவளுக்குச் சர்க்கரை வேண்டியிருக்கும். கதவைத் திறந்தால் எஞ்சின் விசை, சக்கர விசை எல்லாம் சுவர்ப் பக்கம் போய்விடும்.

"எறங்கினதும் சொல்லுங்க, டீ போடணும்" என்பாள்.

தேர்வு நாள் வந்தது. நிஜ விமானம் போலவே ஆடி அசையும் சிமுலேட்டரில் முதலில் பாப்பா ஓட்ட வேண்டும், பெரியவன் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். இறங்கும் நேரத்தில் பரிசோதகர் ஓர் எஞ்சினை அணைத்தார். விமானம் ஒரு பக்கம் இழுத்தது. அதை நேராக்குவதிலேயே குறியாக இருந்த பாப்பா வேகத்தைப் பார்க்கவில்லை. முள் இறங்கியது.

பெரியவன் பார்த்தான். இறங்கட்டும் என்றது மனசு. ஒரு தடவையாவது இவள் தோற்கட்டும். கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஸ்பீட்."

சொன்னது அவன் வாய்தான். அடுப்படியில் பழகிய வாய், அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது. பாப்பா சட்டென்று வேகத்தைக் கூட்டிப் பத்திரமாக இறக்கினாள்.

இடைவேளையில் அவள் கண் கலங்கி, "நீ சொல்லலன்னா நான் இன்னிக்குப் போயிருப்பேண்ணா" என்றாள்.

பெரியவன் தண்ணீரைக் குடித்தான்.

அடுத்து அவன் முறை. அவன் பயந்தது எஞ்சினை நினைத்து அல்ல, பக்கத்தில் இருந்தவளை நினைத்து. தன் புத்திதானே அவளுக்கும் இருக்கும் என்று நினைத்தான். எஞ்சின் நின்றது, விமானம் இழுத்தது, அவனும் தடுமாறினான். முள் அசைந்ததோ இல்லையோ, "ஸ்பீட்" என்றாள் பாப்பா.

இருவரும் தேறினார்கள். பரிசோதகர் கை குலுக்கினார். வீட்டில் அம்மா இரண்டு தோள்களையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அண்ணன்தான் தன்னைக் காப்பாற்றினான் என்று பாப்பா அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பெரியவன் அலமாரிக் கதவைப் பார்த்தபடி நின்றான். "ஸ்பீட்" என்றபோது அவள் குரலில் துளித் தயக்கம் இல்லை. அதற்கும் அவனுக்கு வயிறு எரிந்தது.