சித்தப்பாவின் இரண்டாவது குரல்

அலுவலகத்தில் வருகைப் பதிவேடு ஒன்றுதான் அவளைப் பெயர் சொல்லி அழைக்கும். மற்ற எல்லோருக்கும் அவள் துபாஷி, இரண்டு பாஷைக்கு நடுவில் நிற்கிறவள். புதிதாக ஒரு புரோகிராம் எழுதித் தரச் சொல்லி அவளிடம் இதுவரை யாரும் வந்ததில்லை. எந்தக் காலத்திலோ யாரோ சி என்கிற கணினி மொழியில் எழுதிவிட்டுப் போன ஒரு லைப்ரரியை இன்றைக்குப் பைத்தானில் எழுதுகிறவன் பயன்படுத்த வேண்டியிருக்கும். லைப்ரரி என்றால் வேறொன்றுமில்லை, ஒருவர் செய்து முடித்த வேலையை மற்றவர்கள் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளும் பொட்டலம். ஆனால் கூப்பிட்டால் அது லேசில் வராது. இவன் எண்ணை நான்கு பைட்டில் கொடுப்பான், அது எட்டு பைட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் துபாஷியைத் தேடி வருவார்கள். அவள் இரண்டு பக்கத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டுவாள், பிறகு நடுவில் நின்று பேசி முடித்துவைப்பாள்.

கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. வேலை ஓட ஆரம்பித்த கணமே கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள் என்பது ஒன்றுதான் குறை. மிச்சம் மீதியைக் கூட்டிப் பெருக்குவதெல்லாம் அவளுக்கு வேப்பங்காய்.

அந்த வாரம் அவளிடம் வந்தது ஆபீஸ் வேலை இல்லை, சொந்தச் சித்தப்பா வேலை. ஆறு வருடத்துக்கு முன் தொண்டையில் அறுவை செய்ததில் அவருக்குக் குரல் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் கணினியில் தட்டுவார், கணினி பேசும். கொஞ்சம் கரகரப்பான ஆண் குரல். கேள்வியைக்கூட உத்தரவு போலத்தான் சொல்லும். அந்தக் குரலோடு சித்தி ஆறு வருடமாக மல்லுக்கட்டியிருக்கிறாள், இரண்டு தடவை அதனிடம் தோற்றும் போயிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பழைய கணினி மண்டையைப் போட்டது. மகன் அன்றைக்கே புதியது அனுப்பிவைத்தான், அதில் தேன் ஒழுகும் குரல்கள் எட்டு இருந்தன. சித்தப்பா எட்டையும் கேட்டார். பிறகு ஒரு தாளில் எழுதி நீட்டினார்: ‘ஒரு குரலை ஏற்கெனவே தொலைச்சாச்சு. இதையும் தொலைக்க முடியாது.’ வறட்டுப் பிடிவாதம் என்றாள் சித்தி. வார்த்தை தடித்தது, அதாவது ஒரு பக்கம் வார்த்தை, மறு பக்கம் தாள். கடைசியில், வாய் திறக்காத மனுஷனிடம் தனக்கு மட்டும் என்ன பேச்சு என்று சித்தியும் வாயை மூடிக்கொண்டாள். மூன்று அறை வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

துபாஷிக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. அப்பா இல்லாத அவளுக்குப் பேச்சு சொல்லிக் கொடுத்ததே அந்த இரண்டு பேருடைய சண்டைதான். பழைய கணினியின் வட்டிலிருந்து அந்தக் குரலின் லைப்ரரியைத் தோண்டி எடுத்து, சனிக்கிழமைக்குள் பேச வைக்கிறேன் என்று சித்தப்பாவுக்கு வாக்குக் கொடுத்தாள். முடியாமல் போனால் இனிமேல் தாளே போதும் என்று அவர் எழுதிக் காட்டினார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

முதலில் அவர் தட்டுவதற்குப் பைத்தானில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தாள். தட்டிய வரி திரையில் பெரிதாகத் தெரியும், பிறகு மறைந்துவிடும். அது பேச வேண்டிய வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். குரல் இன்னும் வராவிட்டாலும் விரலாவது பழகட்டும் என்றாள். பழக்கம் விடவில்லை, சித்தப்பா நான்கு நாளும் தட்டிக்கொண்டே இருந்தார்.

குரலைக் கூப்பிட்டால், அப்படி ஒன்று பதிவாகவே இல்லை என்றது கணினி. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளை ஊரிலேயே இல்லை என்று சாதித்தது. குரல், காம் என்கிற அந்தக் காலத்து முறையில் செய்த முப்பத்திரண்டு பிட் சரக்கு. புரோகிராமோ அறுபத்துநான்கு. இரண்டும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்காது. இரண்டு நாள் திட்டித் தீர்த்த பிறகு, வெள்ளிக்கிழமை அவள் வழி கண்டுபிடித்தாள். பழைய வகையிலேயே சின்னதாக மூன்றாவது புரோகிராம் ஒன்று. அது தனியாக ஓடும், குரலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பைத்தான் எழுத்தை அதனிடம் கொடுத்தால் அது குரலிடம் கொடுக்கும். தன் மடிக்கணினியில் ‘ஒன்று இரண்டு மூன்று’ என்று பேச வைத்துப் பார்த்தாள். பேசியது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

சனிக்கிழமை மாலை சித்தப்பாவின் மேசையில் அதைப் பொருத்தி ஓடவிட்டாள். சித்தி அறை வாசலில் நின்று, பார்க்காதவள் போலத் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா இன்னும் ஒரு எழுத்துக்கூடத் தட்டவில்லை. அதற்குள் குரல் பேச ஆரம்பித்துவிட்டது.

“உப்பு பத்தல. கதவைச் சாத்து, காத்து வருது. உன் தம்பி வந்தா நான் தூங்குறேன்னு சொல்லு.”

நான்கு நாள் வரிசையைத் துபாஷி துடைக்கவே இல்லை. பேச ஆள் இல்லாமல் காத்திருந்த வரிகளெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. சித்தப்பா பதறிப்போய் எல்லா விசையையும் அழுத்தினார். நிறுத்துவதற்கு என்று ஒரு விசை இருந்தால்தானே, அதை அவள் எழுதவே இல்லை. சித்தியின் தம்பியைப் பற்றி இன்னும் ஏழு வரி வந்தது, ஒன்றுகூட நல்லதாக இல்லை. துபாஷி மின்கம்பியைப் பிடுங்கப் போனாள். சித்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இரு. முடிக்கட்டும்.”

குரலுக்கு மூச்சு வாங்கத் தெரியாது. அதே உத்தரவுத் தொனியில் அது போய்க்கொண்டே இருந்தது.

“நான்தான் தப்பு. நல்லவேளை, இது யாருக்கும் கேக்காது. ராத்திரி நீ இருமினே, எந்திரிச்சு வந்து பார்த்தேன். நீ தூங்கிட்டே. என் குரல் போனப்ப எனக்கு இவ்வளவு பயமா இல்ல. அப்ப நீ பேசிக்கிட்டிருந்தே.”

அதோடு வரிசை தீர்ந்தது. சித்தப்பா இரண்டு கையாலும் திரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், காது சிவந்திருந்தது. துபாஷிக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அவளுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை.

சித்தி துண்டைக் கட்டிலில் போட்டாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“கையை எடுங்க,” என்றாள். “எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு.”