அரைமொட்டையோடு இருபத்தைந்து பேர்

1. ஒரே ஒரு இழுப்பு

தைப்பூசத்தன்று காலை ஒன்பதரை மணிக்கு, ஈப்போவில் ஆற்றங்கரையோரம் என் முன்னால் இருபத்தைந்து பேர் அரைமொட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காரியத்தைச் செய்த புண்ணியவான் நான்தான். தொழில் தொடங்கப்போகிற தம்பிமார்கள் நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசியுங்கள்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. அப்போது எனக்குக் கடை கிடையாது. சைக்கிளில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிலிம் ரிவர் பக்கத்துக் கித்தா என்கிற ரப்பர் தோட்டங்களில், ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் முடி வெட்டுவேன். ஒரு தோட்டத்துக் கங்காணி, தைப்பூசத்துக்குத் தம் ஆட்கள் பதினெட்டுப் பேர் மொட்டை போட வருகிறார்கள், அத்தனை தலையும் உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கத்தி இரண்டு வாங்கினேன். சோப்பு, சந்தனம், ஆள் உட்காரப் பலகை எல்லாம் ஒரு வாரம் முன்பே தயார். என்னைப்போல முன்யோசனைக்காரன் பேரா மாநிலத்திலேயே கிடையாது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

விடிந்ததும் பதினெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். ஆனால் இருபதடி தள்ளி வேலாயுதம் என்ற இன்னொரு முடிவெட்டும் தொழிலாளி, கூடப் பிறந்த தம்பிகள் இரண்டு பேரோடு பலகை போட்டிருந்தார். என் ஆட்கள் அந்தப் பக்கம் பார்த்ததும், அங்கே போய்விடுவார்களோ என்று எனக்குத் தோன்றியது. எங்கள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டால், அந்த ஆள் அதற்குமேல் எங்கே போவான்? பதினெட்டுப் பேருக்கும் இழுத்தேன். அதோடு நின்றேனா பாவி! சாலையில் போனவர்களையும் கூப்பிட்டு இழுத்தேன். மொத்தம் முப்பத்தொரு தலை. ஒரு தலையில் கத்தி இருக்கும்போதே கண் அடுத்த தலையைத் தேடும். முழுதாக முடித்தது ஆறுதான்.

2. பதினோரு மணிக்குள்

கங்காணி வந்து நின்றார். "ஒரு மணிக்கு ரயிலுடா சின்னசாமி. குளிச்சு, சாமி கும்பிட்டு, ஸ்டேஷனுக்கு நடக்கணும். பதினோரு மணிக்குள்ள எல்லாம் முடியணும்லா."

அப்போதுதான் முதல்முதலாகக் கணக்குப் போட்டேன். ஒரு தலைக்குப் பத்து நிமிஷம். மணிக்கு ஆறு தலை. மிச்சத் தலைகளுக்கு நாலு மணி நேரம் வேண்டும், கையில் இருப்பது ஒன்றரை மணி. 

கூட்டத்தில் மாரிமுத்து என்று ஒருவன், கித்தாப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவன். அவன் மனைவி காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். அந்த வேண்டுதலுக்குத்தான் முடி இறக்க வந்திருந்தான். அவள் பழத்தட்டை ஏந்திக்கொண்டு காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் சத்தம் போட்டார்கள், அவன் மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"முடி எறக்காம சாமி முன்னாடி எப்படிண்ணே நிக்கிறது? அடுத்த வருஷம் வரைக்கும் இவளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு யாரு சொல்லுவா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து நேராக வேலாயுதத்திடம் போனேன். யாரிடம் போய்விடக் கூடாது என்று அத்தனை தலையையும் கோடு போட்டு வைத்தேனோ, அந்த ஆளிடமே போய், இவர்களை முடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். என் புண்ணியத்தில் அவர்கள் மூன்று பேர் கையும் காலையிலிருந்து சும்மாதான் இருந்தது. நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, தலைய எண்ணுனீங்க, கைய எண்ணலையே."

அவ்வளவுதான். தம்பிகளைப் பார்த்துக் கத்தியை எடுக்கச் சொன்னார். நான் மாரிமுத்துவை என் பலகையில் உட்காரவைத்தேன். இந்தத் தடவை என் கண் எங்கும் போகவில்லை. நாலு கத்தி விடாமல் ஓடியது. பதினோரு மணி ஆவதற்குள் கடைசித் தலைக்கும் சந்தனம் பூசியாகிவிட்டது. மாரிமுத்துவும் மனைவியும் நெற்றி நிறையத் திருநீறோடு ஸ்டேஷனுக்கு ஓடும்போது, திரும்பிப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கங்காணி சும்மா போகவில்லை. அடுத்த வருஷம் உன்னை நம்பலாமா என்று கேட்டார். என்னையும் வேலாயுதத்தையும் சேர்த்து நம்புங்கள் என்றேன்.

3. மறு வருஷம்

ஒரு மாதம் முன்பே கங்காணியிடம் போய் எத்தனை பேர், எந்த ரயில் என்று கேட்டுவிட்டேன். எனக்கு இத்தனை, வேலாயுதத்துக்கு இத்தனை என்று பிரித்தாயிற்று. ஆளுக்கொரு எண் போட்ட தகர வில்லை கொடுத்து, முதல் ரயிலுக்குப் போகிறவர்களை முதலில் உட்காரவைத்தோம். பின்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஈப்போவில் கடை போட்டதற்கு அந்தத் தகர வில்லைதான் பிள்ளையார் சுழி.

அன்றைக்கு மாரிமுத்து கைக்குழந்தையோடு வந்தான், முதல் மொட்டைக்கு. பக்கத்தில் அவன் மனைவி, போன வருஷத்துக்கு இப்போது நன்றாகவே தேறியிருந்தாள். "முழுசா எடுப்பீங்களாண்ணே, இல்ல பாதிதானா?" என்று அவள்தான் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

குழந்தை நெளிந்தது, கத்தியது, என் விரலைக் கடித்தது. பாதி வேலையில் பின்னாலிருந்து ஒருவர், "நமக்கும் ஒரு இழுப்பு இழுத்து வச்சிருங்கண்ணே, எடம் போயிரும்" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "வேலாயுதம் கை சும்மா இருக்கு, அங்க போங்க" என்று சொல்லிவிட்டு, காதோரத்தில் மிச்சமிருந்த பூனைமுடியை வழித்தேன். அந்தச் சின்னத் தலை முழுதும் வழவழவென்று ஆன பிறகுதான் கத்தியை மடக்கினேன்.