பசை ஓரத்தில் நாலு வருஷம்

கல்யாணமான பதினாறாம் நாள் என் கணவர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். அவருக்கு அங்கே கிரீன் கார்டு இருந்தது. எனக்கு விசா வர வேண்டும். "ஆறே மாசம், பொட்டியக் கட்டி ரெடியா வெச்சுக்கம்மா" என்று கல்யாணத் தரகர் அடித்துச் சொல்லியிருந்தார். நாலு வருஷம் ஆனது. அந்த மனுஷன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டதால், கிழக்குத் தாம்பரம் வீட்டில் மாமனாரும் நானும்தான். என் விசாவோ ஊருக்கே பொதுச் சொத்து. பால்காரர் விசாரிப்பார், போஸ்ட்மேன் விசாரிப்பார். மார்க்கெட் பூக்காரம்மா ஒருநாள்கூட விட்டதில்லை.

"இன்னாம்மா, உன் ஊட்டுக்காரரு இன்னும் கூப்டலியா?"

"விசா வரணும்க்கா."

"மூணு வர்சமா வந்துகினே கீதே, நடந்தா வருது?"

அங்கே சிரித்துவிடுவேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறைதான்.

மீனம்பாக்கத்தில் வழியனுப்பும்போது என் கணவர் கூட்டத்துக்கு நடுவே குனிந்து என் காதில் ஒன்று சொன்னார்: "லெட்டர் வந்தா ஒட்டின ஓரத்தைத் தூக்கிப் போட்டுடாத. ஆவியில காட்டு." பிரிகிற நேரத்தில் ஒரு புருஷன் பேசுகிற பேச்சா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் கடிதம் வந்தபோதுதான் புரிந்தது. அந்த வீட்டில் பிள்ளை எழுதினால் அப்பாவுக்குத்தான் எழுத வேண்டும். பெண்டாட்டிக்குத் தனியாக எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று இவருக்குக் கூச்சம். கடிதத்தையே உறையாக மடித்து ஓரத்தைப் பசையால் ஒட்டுகிற நீல ஏரோகிராம் வந்தால் மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளேடால் ஓரத்தை நறுக்கி, ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்திலிருந்து வரும் நாத்தனாருக்கும் எனக்கும் உரக்கப் படித்துக் காட்டுவார். முடிச்சூர் மனைக்கு வேலி போட்டாயிற்றா, மூட்டுவலி எப்படி, மழை உண்டா என்று பக்கம் முழுக்க இருக்கும். கடைசியில் எனக்கென்று ஒரு வரி: "அவளை இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லவும்."

நறுக்கிய நீல ஓரம் நாடா மாதிரி மேஜையில் கிடக்கும். "அதக் குப்பையில போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து போவார். இந்த வேலையைக்கூட என் தலையில் கட்டுகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போய், மறுநாள் காலை இட்லிப் பானை ஆவியில் பிடிப்பேன். பசை விட்டுப் பிரியும். உள்ளே எறும்பு எழுத்தில் என் புருஷன் இருப்பார். மூட்டுவலி பற்றி ஒரு வார்த்தை இருக்காது! அந்தத் துண்டுகளைப் பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்தேன். ஒருநாள் இட்லி குழைந்தது, ஒருநாள் தீய்ந்தது. மாமா ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார்.

நாலாம் வருஷம் இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. மின்சார ரயிலில் மாமாதான் அமெரிக்கத் தூதரகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றார். இந்தக் கல்யாணம் உண்மைதான் என்று நான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் திரும்ப எத்தனை வருஷமோ! கடிதக் கட்டைக் கொடுத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு வயதான தமிழ் அம்மாள்.

"எல்லாம் உங்க மாமனாருக்குத்தான் எழுதியிருக்காராம். உங்களுக்கு மாத்திரை மட்டும்தானான்னு கேக்கறார்" என்றார் அந்த அம்மாள்.

மூன்று வாரம் லீவில் ஒரே ஒருமுறை வந்துபோன புருஷன். வேறு சாட்சிக்கு நான் எங்கே போவேன்? மானம் போனாலும் போகட்டும் என்று கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தேன்.

அந்த அம்மாள் முதல் துண்டைக் கண்ணருகே பிடித்து, "உன் இடது காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சத்தை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்" என்று படித்து, ஆங்கிலத்திலும் சொன்னார். அதிகாரி எட்டி என் காதைப் பார்த்தார். இரண்டாவது துண்டைப் படித்தபோது அந்த அம்மாளின் குரல் இறங்கியது. மூன்றாவதை மனசுக்குள்ளேயே படித்தார். அப்புறம் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இத நான் சொல்லமாட்டேன் சார்" என்று தமிழிலேயே அவரிடம் சொல்லிவிட்டார்.

அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். விசா கிடைத்தது.

வாசலில் மாமா, "என்னம்மா கேட்டாங்க?" என்றார்.

"லெட்டர் கேட்டாங்க மாமா. குடுத்தேன்."

"எல்லாத்தையும் குடுத்தியா?"

"எல்லாத்தையும்" என்றேன், தலையைத் தூக்காமல். அவர் ஸ்டேஷன் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

நான் கிளம்பும்போது மாமாவை நாத்தனார் ஊரப்பாக்கத்துக்கு அழைத்தார். "என் வீட்டை விட்டு வரமாட்டேன்" என்று மாமா ஒரே பிடிவாதம்.

நான் போய் இரண்டு மாதத்தில் மாமாவின் ஏரோகிராம் வந்தது. என் கணவர் கத்தியால் கண்டபடி கிழித்து, வேலி, மழை, மூட்டுவலி எல்லாம் படித்துவிட்டு ஓரத்தைக் குப்பைக் கூடையில் எறிந்தார். பழக்க தோஷம், நான் அதைப் பொறுக்கி டீ போடும் கெட்டிலின் ஆவியில் பிடித்தேன். பிரிந்த இடத்தில் மாமாவின் நடுங்கும் எழுத்து:

"அவனைப் பார்த்து வெட்டச் சொல்லும்மா. நாலு வருஷமும் பிளேடு எழுத்தில் பட்டுவிடக்கூடாது என்று அரை விரல் தள்ளித்தான் வெட்டினேன். நம் வீட்டு இட்லிப் பானை சும்மா கிடக்கிறது."

அடக்கமாட்டாமல் சிரித்தேன். அப்புறம் அந்தக் கெட்டில் சீட்டி அடித்து ஓய்கிற வரை அழுதேன். அந்தத் துண்டை மட்டும் என் கணவரிடம் நான் காட்டவேயில்லை.