முந்திரித் தயிரில் ஒரு சொட்டு உறை

எங்கள் உறவில் பால் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. தாலி ஏறிய கையோடு பாலும் பழமும். வீடு கட்டினால் பால் காய்ச்ச வேண்டும். ஆள் போய்ச் சேர்ந்தாலும் பால் தெளிக்கக் கூட்டமாகக் கிளம்புவார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தில்தான் என் மகள் பால் சேராத உடம்போடு வந்து பிறந்தாள். பாலோ தயிரோ நெய்யோ, வாயில் பட்டால் போதும், உதடு வீங்கும், உடம்பு தடித்துப்போகும், மூச்சு இழுக்கும். காரைக்குடியில் நாங்கள் காட்டும் குழந்தை டாக்டர், "ஒரு துளிகூடக் கூடாதும்மா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டாக்டருக்கு என்ன தெரியும்? எங்கள் உறவில்தான் ஆளுக்கு ஆள் வைத்தியராயிற்றே. பாக்கெட் பாலால் வந்த வினை, நாட்டு மாட்டுப் பாலைக் கொடுத்துப் பார் என்றார் ஒருவர். கோவிலூர்ப் பக்கம் இருக்கும் ஒரு பெரியப்பா, ஆட்டுப்பால் கொடுத்தால் எல்லாம் ஓடிப்போகும் என்றார். அவரிடம் விற்பனைக்கு ஆடு இருந்தது. "நாங்கள்லாம் பால் குடிச்சு வளரலையா?" என்று கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. குடித்து வளர்ந்துதானே இப்படி இருக்கிறீர்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். கணவர் வழிச் சொந்தமாயிற்றே என்று விழுங்கிக்கொள்வேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பக்கத்தில் உட்காரும் பிள்ளை மாதுளை முத்துப் போட்ட தயிர்ச்சோறு கொண்டுவந்ததைச் சொல்லிவிட்டு, "அது எப்பிடிம்மா இருக்கும்? புளிப்பா, இனிப்பா?" என்று கேட்டாள். தயிர்ச்சோறு எப்படி இருக்கும் என்று கேட்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை!

அன்றைக்கே போனைத் திறந்தேன். பால் சேர்க்காத தயிர் செய்யச் சொல்லிக்கொடுக்கும் பெண்மணிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எல்லாருடைய அடுப்படியும் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. யாருக்கும் வியர்ப்பதில்லை. "ரொம்ப ஈசி" என்று சிரித்துக்கொண்டே, தயிராக்குகிற கிருமி அடைத்த ஒரு மாத்திரையைப் பிரித்து முந்திரிப்பாலில் கொட்டுகிறார்கள். அந்த மாத்திரையைக் கேட்டு மருந்துக்கடைக்குப் போனால், கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "யாருக்கும்மா வயித்தால போகுது?" என்றார். போதுமடா சாமி என்று திரும்பிவிட்டேன்.

உறை தீர்ந்துபோன வீட்டில் பாலுக்குள் மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டால் தயிராகிவிடும் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாட்டுப்பாலுக்கு ஆகிற காம்பு முந்திரிப்பாலுக்கு ஆகாதா? முதலில் ஆகவில்லை. ஒருதரம் தண்ணீர் தனி, திப்பி தனி என்று நின்றது. ஒருதரம் பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி நாறியது. பொறுமையில்லாமல் சூட்டோடு போட்டதில் ஒருதரம் காம்பு வெந்தே போனது. கடைசியில் கை பழகியது. முந்திரியை நன்றாக ஊறவைத்து, விரலில் நெருடாத அளவுக்கு அரைத்து, லேசாகக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் காம்பைப் போட்டு மூடிவிட்டு, மறுநாள் வரை அசைக்காமல் விட வேண்டும். கொஞ்சம் தளதளவென்றுதான் வரும். ஆனால் புளிப்பு அசல் புளிப்பு. மகள் முதல் வாய் வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, "ஐய, புளிக்குதும்மா" என்று சிரித்தாள். கிண்ணத்தை வழித்து நக்கினாள்.

அப்புறம் எனக்கும் வெறி பிடித்துக்கொண்டது. அந்தத் தயிரைத் துணியில் வடியக் கட்டி, கருப்பட்டிப் பாகும் ஏலக்காயும் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தால், கேக் கடைக் கண்ணாடிக்குள் இருப்பதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துக் கறுப்பரிசி இனிப்பான கவுனி அரிசியை நெய்க்குப் பதில் திக்கான தேங்காய்ப்பால் விட்டுக் கிளறினேன். "நெய் போடாம ஒரு கவுனி அரிசியா!" என்று இழவு வீட்டில் கேட்பது போலக் கேட்டுவிட்டு, உறவுக்காரர்கள் இரண்டாம் முறையும் வாங்கித் தின்றார்கள். முந்திரியைக் கெட்டுப்போக வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள் என்றும் சொன்னார்கள். நீங்கள் பிசைந்து தின்பது மட்டும் என்னவாம்? அதுவும் கெட்டுப்போன பால்தானே!

இந்தச் சமயத்தில் கணவரின் அக்கா மானகிரியில் வீடு கட்டி முடித்து, பால் காய்ச்ச நாள் குறித்தார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி வீட்டுத் தயிரைக் கத்தியால்தான் வெட்ட வேண்டும் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வதாகச் சொல்வது பெரும்பாலும் மதினிதான்.

அந்த விசேஷத்தில் என் மகளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பந்தியில் எல்லார் இலையிலும் தயிர் விழும்போது தன் இலையிலும் விழ வேண்டும். இதுவரை அந்த நேரத்தில் அவள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். இந்தத் தடவை அப்படி எழ விடுவதில்லை என்று நானும் முடிவு செய்துகொண்டேன். முந்தின நாளே என்னுடைய மிக்சி ஜார், பாத்திரம், கரண்டி என்று எல்லாவற்றையும் தனியாக எடுத்துக்கொண்டு மதினியின் புது வீட்டுக்குப் போய், உறைந்ததைத் தூக்கி வந்தால் உடைந்துவிடும் என்று கொல்லையில் போட்டிருந்த சமையல் கொட்டகையிலேயே அரைத்துக் காய்ச்சி, காம்பு போட்டு, ஒரு மூலையில் மூடி வைத்தேன். இதை யாரும் தொடக்கூடாது என்று கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, வாசலில் கோலம் போடப் போனேன்.

காலையில் திறந்து பார்த்தால், காம்பெல்லாம் போட்டபடியே இருக்க, தயிர் கட்டியாக உறைந்திருந்தது. எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. புது வீட்டு ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தியில் என் கையாலேயே அவள் இலையில் போட்டேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து, "எனக்கும் தயிரு" என்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. கொஞ்ச நேரத்தில் அவள் தொண்டையும் அடைத்தது. சாப்பிட்ட கையாலேயே கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். உதடு என் கண் முன்னாலேயே வீங்கியது. கணவர் அவளை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலம் ஆனபோதுதான் மூச்சு சீரானது.

அதற்குள் உறவுக்கூட்டம் வராந்தாவில் நின்று தீர்ப்பு எழுதிவிட்டது. "அந்த முந்திரிதான். நாங்க அப்பவே சொன்னோம்."

மதினி மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பித்தார். "நேத்து தெறந்து பாத்தேன், தண்ணியா கெடந்துச்சு. காம்பை நம்பி விட்டா நாளைக்கு நாலு பேரு முன்னாடி நீ தலைகுனிஞ்சு நிக்கணுமேன்னு, ஒரே ஒரு சொட்டு ஊத்துனேன்."

"தயிரையா ஊத்துனீக மதினி?"

"தயிரை ஏன் ஊத்துறேன்? பிள்ளைக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? உறைதானே ஊத்துனேன்!"

"அந்த உறையை எதுல இருந்து எடுத்தீக?"

"வேற எதுல? நம்ம வீட்டுத் தயிர்லதான்."

சொல்லி முடித்த பிறகும் அவருக்கு விளங்கவில்லை. அவர் பொய்யே சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சோற்றில் பிசைந்தால் தயிர், பாலில் ஊற்றினால் உறை. இரண்டும் ஒன்று என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவரும் யோசித்ததில்லை. என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று என் பிள்ளையைக் கொல்லப் பார்த்த பாசத்தை நான் எந்த அடுப்பில் போடுவது? அன்றைக்கு நான் பேசிய பேச்சில் மதினி அழுதார். அதில் ஒரு வார்த்தையையும் நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எடுத்துக்கொள்வதாக இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, என் வீட்டில், என் அடுப்படியில், பழையபடி தயிர் போட்டேன். தளதளவென்று, எப்போதும் போலத்தான் வந்தது. மாதுளை முத்துத் தூவி, சோற்றைப் பிசைந்து மகள் முன்னால் வைத்தேன். கரண்டியை எடுத்தவள் அப்படியே கீழே வைத்தாள்.

"அம்மா, இது உறையுறவரைக்கும் நீ பக்கத்துலயே இருந்தியா?"

"நம்ம வீடுடி. இங்குட்டு யாரு வரப்போறா?"

"அன்னைக்கும் நம்ம அத்தை வீடுதானம்மா."

அவள் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, வெறும் சோறு போட்டு ரசம் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.